படுக்கைப்புண் தடுப்பு: நர்சிங் மாணவர்கள் ஆய்வுச் சான்றுகளை எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி இது: பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு மாணவி ஒருவரின் குழுவுக்குப் படுக்கைப்புண் தடுப்பு பற்றி ஆய்வுத் தலைப்பு கிடைத்திருக்கிறது. ரிவ்யூ ஆஃப் லிட்டரேச்சருக்கு, அதாவது முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பேசும் அத்தியாயத்துக்கு, குறைந்தது 15 கட்டுரைகள் வேண்டும் என்று கைடு (ஆய்வு வழிகாட்டி) சொல்லியிருக்கிறார். கூகுளில் தேடினால் மருத்துவமனைகளின் விளம்பரப் பக்கங்களே முன்னால் வருகின்றன; ஆய்விதழில் வந்த கட்டுரை கிடைத்தாலும் சுருக்கத்துக்கு மேல் படிக்கப் பணம் கேட்கிறது. எங்கே தேடுவது, எதை நம்புவது என்று கேட்கிறார்.

மாணவர்களின் ஆய்வுகளுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருபவள் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஆய்வுப் பாடத்தில் வரையறைகளையும் வகைகளையும் படிக்க வைக்கும் நாம், தேடுவதை மட்டும் அவரவரே எப்படியாவது கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். பிற்பாடு மாணவர்களின் அத்தியாயங்களில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன.

தேடலைத் தொடங்குவதற்கு முன் தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள். படுக்கைப்புண் தடுப்பு என்பதற்குள் மெத்தை, நிலை மாற்றுதல், ஊட்டச்சத்து, தோல் பராமரிப்பு, ஆபத்தை மதிப்பிடும் அளவுகோல்கள், செவிலியர்களின் அறிவு என்று எத்தனையோ கிளைகள் உண்டு. ஒவ்வொரு கிளையிலும் தனித்தனியே ஏராளமான கட்டுரைகள் இருக்கின்றன. நோயாளி யார், அவருக்கு என்ன செய்கிறோம், அதை எதனோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவை அளக்கிறோம் ஆகிய நான்கையும் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். பாடநூலில் நீங்கள் படித்த பிகோ இதுதான். உதாரணமாக, ‘தானாகப் புரண்டு படுக்க முடியாத பெரியவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றிப் படுக்க வைப்பது, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதைவிடப் புதிய படுக்கைப்புண்களைக் குறைக்கிறதா?’ என்று எழுதிவிட்டால், தேட வேண்டிய சொற்கள் அந்த வாக்கியத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். குழுவில் எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தை ஒத்துக்கொள்ளும் வரை யாரும் கணினி முன் உட்கார வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து, பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இந்தத் தரவுத்தளத்தில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இருக்கின்றன. யாரும் பணம் கட்டாமல் தேடலாம், கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. செவிலியத்துக்கென்றே உள்ள தரவுத்தளம் சினால். 1961-இல் அச்சு அட்டவணையாகத் தொடங்கிய அது இப்போது சந்தா கட்டும் நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. உங்கள் கல்லூரி நூலகத்தில் சினால் இருக்கிறதா என்று நூலகரிடம் ஒருமுறை கேளுங்கள்; இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம், பட்டப்படிப்பு ஆய்வுக்கு பப்மெட்டை முறையாகப் பயன்படுத்தினாலே போதுமான அளவுக்குக் கிடைத்துவிடும்.

முறையாக என்று சொல்வதை உங்கள் தலைப்பை வைத்தே காட்டுகிறேன். படுக்கைப்புண்ணுக்கு ஆங்கில ஆய்வுலகில் ஒரே பெயர் இல்லை. பெட்சோர், டெக்யூபிடஸ் அல்சர், பிரஷர் சோர், பிரஷர் அல்சர் என்று காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. 2016-இல் இதற்கான அமெரிக்க ஆலோசனைக் குழு ‘பிரஷர் இஞ்சுரி’ என்ற பெயருக்கு மாறியது. பிரஷர் இஞ்சுரி என்று மட்டும் தேடினால் பழைய கட்டுரைகளில் பெரும்பகுதியை இழப்பீர்கள். பெட்சோர் என்று மட்டும் தேடினால் புதியவற்றில் பெரும்பகுதி நழுவிவிடும். எனவே இந்தப் பெயர்கள் அனைத்தையும் ‘ஆர்’ (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) என்ற இணைப்புச் சொல்லால் கோத்து ஓர் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். ரீபொசிஷனிங், டர்னிங், பொசிஷனிங் ஆகியவற்றையும் அதேபோலக் கோத்து இன்னோர் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். இரண்டு அடைப்புக்குறிகளையும் ‘ஆண்ட்’ (AND, இரண்டும் இருக்க வேண்டும்) சேர்த்து வைக்கும். ஆர், ஆண்ட் இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டு மூன்று சொற்களாலான பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும்.

மெஷ் எனப்படும் பொருள் தலைப்புகளும் இருக்கின்றன. ஒரு கட்டுரையின் ஆசிரியர் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும், ஒரே பொருளைப் பற்றிய கட்டுரைகள் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் சேரும்படி தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரித்து வரும் சொற்பட்டியல் அது. பப்மெட்டின் முகப்பிலேயே மெஷ் தரவுத்தளத்துக்கு இணைப்பு உண்டு. உங்கள் சொல்லை அங்கே போட்டால் அதற்குரிய தலைப்பும், அதன் கீழ் வரும் மாற்றுப் பெயர்களும் தெரியும். மெஷ்ஷை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மிகப் புதிய கட்டுரைகளுக்கு அந்தத் தலைப்பு இன்னும் சேர்க்கப்படாமல் இருக்கலாம். ஆதலால் மெஷ் தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் ஒன்றாக ‘ஆர்’ போட்டுத் தேடுவதே பாதுகாப்பானது. தேடிய பிறகு ‘அட்வான்ஸ்டு’ பக்கத்துக்குப் போய், உங்கள் தேடலை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை விரித்துப் பாருங்கள். எதிர்பாராத முடிவுகள் வந்ததற்கான காரணம் பெரும்பாலும் அங்கே வெளிப்படையாகத் தெரியும்.

முழுக்கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியை முதல் தேடலிலேயே அழுத்திவிடும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. அதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வேன். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது கைக்கு எட்டுமா என்பது அதற்கு அடுத்த கேள்வி. கடைசி ஐந்தாண்டு என்ற வரையறையும் அப்படித்தான். கைடு கேட்பதால் பெரும்பான்மை புதியவையாக இருக்கட்டும். ஆனால் ஒரு துறையின் போக்கையே மாற்றிய ஆய்வு பத்தாண்டுக்கு முந்தையது என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது, அது ஏன் தேவை என்று கைடிடம் எடுத்துச் சொல்லலாம்.

தனித்தனி ஆய்வுகளைப் படிக்கத் தொடங்குமுன் கோக்ரேன் நூலகத்தைப் பாருங்கள். ஒரு கேள்விக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடி, தரத்தை மதிப்பிட்டு, சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லும் முறைசார் தொகுப்பாய்வுகள் அங்கே இருக்கின்றன. வெளிவந்து ஓராண்டு கழிந்தால் அவை யாருக்கும் இலவசம். அவற்றில் சிலவற்றுக்கு எளிய நடைச் சுருக்கங்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. தெற்காசியாவில் கோக்ரேன் பணிக்கு நெடுங்காலம் மையமாக இருந்தது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. நிலை மாற்றிப் படுக்க வைப்பதால் படுக்கைப்புண் தடுக்கப்படுகிறதா என்பது பற்றி 2014-இல் வந்து 2020-இல் புதுப்பிக்கப்பட்ட ஒரு கோக்ரேன் தொகுப்பாய்வு இருக்கிறது. புதுப்பித்த பதிப்பில் அவர்கள் சேர்க்க முடிந்தவை 8 சோதனைகள் மட்டுமே. எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, எந்தச் சாய்வில் வைப்பது சிறந்தது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்பதே அவர்கள் வந்த முடிவு.

இதைப் படிக்கும் மாணவர்கள் திகைத்துப் போகிறார்கள். முதலாண்டிலிருந்து ‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்று மனப்பாடம் செய்தவர்கள் அல்லவா? சான்று போதாது என்பதை நிலை மாற்றத் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலை மாற்றுவது தேவை என்பதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. எந்த இடைவெளி சிறந்தது என்பதுதான் முடிவாகாத கேள்வி. உங்கள் அத்தியாயத்தில் இந்த நிச்சயமின்மையை அப்படியே எழுதுங்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுவதாகக் காட்டும் ரிவ்யூவைவிட, எங்கே முரண்பாடு இருக்கிறது என்று காட்டும் ரிவ்யூ பன்மடங்கு மதிப்புள்ளது.

ஓர் ஆய்வை எப்படிப் படிப்பது என்பதற்கு ‘டர்ன்’ என்ற சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தை மதிப்பிட நாம் வார்டில் பயன்படுத்தும் பிரேடன் அளவுகோலை பார்பரா பிரேடனோடு சேர்ந்து உருவாக்கிய நான்சி பெர்க்ஸ்ட்ராம் தலைமையில் நடந்து 2013-இல் வெளிவந்தது அது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரை, 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் நிலை மாற்றும் பிரிவுகளாகக் குலுக்கல் முறையில் பிரித்து, மூன்று வாரம் கவனித்தார்கள். புண் உருவாவதில் பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினாலே போதும் என்று எழுதிவிடுவார். செய்முறைப் பகுதியைப் படிப்பவர்தான், பங்கேற்ற அனைவரும் அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள் என்பதைக் கவனிப்பார். நீங்கள் போஸ்டிங் போகும் வார்டில் நோயாளி படுத்திருப்பது ரெக்ஸின் உறை போட்ட, நடுவில் பள்ளம் விழுந்த மெத்தை என்றால், அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கருவி, இடம், பணியாளர் எண்ணிக்கை, நோயாளியின் நிலை இவற்றையெல்லாம் உங்கள் வார்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சான்றைப் பயன்படுத்துவதில் மிக முக்கியமான வேலை என்று நான் கருதுகிறேன்.

முழுக்கட்டுரை கிடைக்காத சிக்கலுக்கு வருகிறேன். பணம் கட்ட வேண்டாம்; கட்டும் நிலை ஒரு மாணவிக்கு அநேகமாக வராது. பப்மெட்டில் கட்டுரையின் வலப்பக்கம் பி.எம்.சி. (பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியம்) என்ற இணைப்பு இருந்தால் முழுக்கட்டுரையும் அங்கே இலவசம். இல்லையென்றால் கட்டுரையின் முழுத் தலைப்பையும் கூகுள் ஸ்காலரில் போட்டு, கீழே உள்ள ‘ஆல் வெர்ஷன்ஸ்’ இணைப்பை அழுத்துங்கள். ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைத்திருக்கும் படி பலமுறை அங்கே கிடைத்துவிடும். அன்பேவால் என்ற இலவச உலாவிச் செருகியும் சட்டப்படி கிடைக்கும் படியையே தேடிக் காட்டுகிறது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. உங்கள் கல்லூரி இதில் பதிவு செய்திருக்கிறதா, வெளியிலிருந்து நுழைய என்ன செய்ய வேண்டும் என்பதை நூலகரிடம் எழுத்து மூலமாகவே கேளுங்கள். தனியார் கல்லூரிகள் இப்போதைக்கு இதற்குள் வரவில்லை.

எதுவும் கைகொடுக்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதலாம். தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் சுருக்கத்திலோ ஆசிரியர் விவரத்திலோ இருக்கும். நீங்கள் யார், எந்த ஆய்வுக்காக வேண்டும், எந்தக் கட்டுரை என்பதை நான்கு வரியில் மரியாதையாக எழுதினால், பலர் ஓரிரு நாளில் அனுப்பி விடுகிறார்கள். தங்கள் ஆய்வை யாரோ ஒரு மாணவி படிக்க விரும்புகிறாள் என்பது அவர்களுக்கும் மகிழ்ச்சியே.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளுக்குத் தனியாகத் தேட வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகள் முழுமையாகவே இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிடும் இதழும், வேலூரிலிருந்து வரும் தொடர் செவிலியக் கல்விக்கான இதழும் இலவசமாகப் படிக்கக் கூடியவை. ஆய்வேடுகளிலிருந்து கருவிகள், அளவுகோல்கள், மாதிரி அளவைக் கணக்கிட்ட முறை ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அவற்றின் ரிவ்யூ அத்தியாயத்திலிருந்து பத்திகளை எடுத்துத் தங்கள் ஆய்வில் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள், இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் தவறாகக் குறித்த ஆண்டும், ஒருவர் மாற்றி எழுதிய எண்ணிக்கையும் ஆய்வேட்டுக்கு ஆய்வேடு கைமாறி, மூலக் கட்டுரையில் இல்லவே இல்லாத ஒரு முடிவு பத்து ஆய்வேடுகளில் சான்றாக நின்றுவிடுகிறது. நீங்கள் கண்ணால் பார்க்காத எந்தக் கட்டுரையையும் பார்த்ததாக மேற்கோள் காட்டாதீர்கள்.

நம் ஊர் ஆய்வுகளில் நீங்கள் அடிக்கடி காணப்போகும் வகை ஒன்று உண்டு. ஒரு குழுச் செவிலியர்களுக்கோ நோயாளியின் உறவினர்களுக்கோ முன்தேர்வு வைத்து, ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம் (திட்டமிட்ட பாட வகுப்பு) நடத்தி, ஏழாம் நாள் அதே வினாத்தாளைக் கொடுத்து, மதிப்பெண் உயர்ந்தது, பி மதிப்பு 0.05-க்குக் கீழ் (அதாவது உயர்வு புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது) என்று முடியும். அந்த மாணவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாமல், பாடம் எடுத்த ஒரு வாரத்திலேயே அளந்த மதிப்பெண், படுக்கைப்புண் குறைந்ததற்குச் சான்று ஆகாது. அறிவு உயர்ந்தது என்பதற்குக்கூட அது பலவீனமான சான்றுதான். உங்கள் 15 கட்டுரைகளும் இந்த வகையாகவே அமைந்துவிட்டால், படுக்கைப்புண்ணைப் பற்றி நீங்கள் எதையும் தேடவில்லை என்றே பொருள். ஆகவே உண்மையில் எத்தனை பேருக்குப் புண் வந்தது என்று எண்ணிய ஆய்வுகளை அதிகமாகச் சேருங்கள். தரத்தை மதிப்பிட, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஜே.பி.ஐ. நிறுவனமும் பிரிட்டனின் காஸ்ப் அமைப்பும் ஆய்வு வகைக்கு ஒன்றாகக் கேள்விப்பட்டியல்களை இலவசமாகத் தருகின்றன. உங்கள் தொகுப்பில் உள்ள இரண்டு மூன்று முக்கியமான கட்டுரைகளுக்காவது அந்தப் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதிப் பாருங்கள்.

எதை நம்பக் கூடாது என்பதில் இரண்டு எச்சரிக்கைகள். பணம் வாங்கிக்கொண்டு முறையான மதிப்பாய்வு இல்லாமல் எதையும் அச்சிடும் இதழ்கள் செவிலியத்திலும் நிறைய இருக்கின்றன. ‘சர்வதேச’ என்ற சொல்லும், முகப்பில் மின்னும் ஏதோ ஒரு தர எண்ணும் எதையும் நிரூபிப்பதில்லை. இதழ், தேசிய மருத்துவ நூலகம் தேர்ந்தெடுத்த இதழ்களைக் கொண்ட மெட்லைனில் இடம்பெற்றிருக்கிறதா, இலவச இதழ் என்றால் அத்தகைய இதழ்களுக்கென்று 2003 முதல் இயங்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, செயற்கை நுண்ணறிவு உரையாடிகள். கட்டுரைகளைப் பட்டியலிடச் சொன்னால், ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து, உலகில் எங்குமே இல்லாத கட்டுரையை அவை உருவாக்கித் தந்துவிடக் கூடும். மாற்றுச் சொற்களை யோசிக்க அவற்றிடம் உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் அவை தரும் ஒவ்வொரு கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணையும் (கட்டுரைக்கென்றே உள்ள நிலையான இணைய அடையாள எண்) நீங்களே திறந்து பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். திறக்கும்போது பக்கத்தின் மேலே ‘ரிட்ராக்டட்’ (திரும்பப் பெறப்பட்டது) என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஆட்டிசத்தையும் தடுப்பூசியையும் இணைத்து 1998-இல் லான்செட்டில் வந்த கட்டுரை 2010-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் அது மேற்கோள் காட்டப்பட்டு வந்தது.

தேடும்போதே ஒரு நோட்டில் தேதி, தரவுத்தளம், தட்டச்சு செய்த முழுத் தேடல் வரி, வந்த எண்ணிக்கை, தலைப்பைப் பார்த்துத் தள்ளியவை, சுருக்கத்தைப் படித்துத் தள்ளியவை, கடைசியில் எடுத்துக்கொண்டவை என்று குறித்து வாருங்கள். கட்டுரைகளைச் சேமிக்க ஸோடீரோ என்ற இலவச மென்பொருள் போதும். மேற்கோள் பட்டியலையும் உங்கள் பல்கலைக்கழகம் கேட்கும் முறையில் அதுவே அமைத்துத் தரும். எழுதும்போது ஒரு கட்டுரைக்கு ஒரு பத்தி என்று அடுக்காமல், நிலை மாற்றும் இடைவெளி, மெத்தை, ஆபத்து மதிப்பீடு என்று பொருள்வாரியாகப் பிரித்து, ஒரே பொருளைப் பற்றிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

இவ்வளவு தேடியும் உங்கள் கேள்விக்கு நேராக இந்திய வார்டுகளில் நடந்த ஆய்வு ஒன்றிரண்டுக்கு மேல் கிடைக்கவில்லை என்றால், எண்ணிக்கையை நிரப்பத் தொடர்பில்லாத கட்டுரைகளைச் சேர்க்காதீர்கள். எந்தத் தேதியில், எந்தத் தரவுத்தளங்களில், எந்தச் சொற்களால் தேடினீர்கள், என்ன கிடைத்தது என்பதை அந்த நோட்டோடு கைடிடம் காட்டுங்கள். ஆய்வின் தேவை என்ற பகுதியில் நீங்கள் எழுத வேண்டிய முதல் காரணம் அந்தப் பற்றாக்குறையேதான்.